அரை மில்லிமீட்டர் விழியும் ஐம்பது வயதுக் கண்ணும்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரிலிருந்து உலகெங்கும் விற்பனைக்குப் போகும் வார்ஹாமர் பொம்மைப் போர்வீரனின் தலை ஒரு பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். அந்தத் தலையில் ஒரு முகம். முகத்தில் இரண்டு கண்கள். ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலம். அதற்குள் வெள்ளை வைத்து, வெள்ளையின் நடுவே கருமணியும் வைத்துவிட்டால் வீரனுக்கு உயிர் வந்துவிடும். கருமணி கொஞ்சம் விலகினால் மாறுகண். கொஞ்சம் பெருத்தால் பேய்முழி.

இப்படிப்பட்ட பொம்மைப் படைகளை மேசைமீது நிறுத்தி, அளவுநாடாவும் பகடையும் கொண்டு விதிப்படி போர் நடத்தும் விளையாட்டுதான் வார்கேமிங். பொம்மைகள் பெரும்பாலும் வண்ணமில்லாமல், துண்டு துண்டாகத்தான் கடையில் கிடைக்கும். ஒட்டிச் சேர்ப்பதும், பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிப்பதும், வண்ணம் தீட்டுவதும் வாங்கியவரின் வேலை. விளையாடும் நேரத்தைவிடத் தீட்டும் நேரமே பெரிது என்று இருப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் ஏராளம்.

ஆடுபவர்களுக்கு வயது கூடிக்கொண்டே போக, பொம்மையோ பழைய காலத்தைவிடச் சிறுத்திருக்கிறது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலை வெளியிட்ட காலத்தில் தரையில் அணிவகுத்து நின்றவை 54 மில்லிமீட்டர் உயர ஈய வீரர்கள். இன்று பரவலாக வழங்கும் அளவு 28 மில்லிமீட்டர். 15, 10, 6 மில்லிமீட்டர் படைகளும் உண்டு. வார்ஹாமர் விளையாட்டு 1983இல் வந்தது. வண்ணம் தீட்டுவதற்கென்றே 'கோல்டன் டீமன்' என்ற போட்டியை அதன் நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987இல் தொடங்கியது. 1983இல் பதினைந்து வயதில் முதல் பொம்மையை வாங்கிய பையன் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டிய மனிதர். தீட்டாத பெட்டிகள் அலமாரி நிறைய இருக்கின்றன. கண்தான் முன்போல இல்லை.

இந்த வயதில் பலர் முதலில் குறை சொல்வது கையை. கைப்பக்குவம் போய்விட்டது என்று முடிவு கட்டித் தூரிகையைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கை அல்ல. தூரம், ஒளி, நிறவேறுபாடு என்ற மூன்று ஒளியியல் கணக்குகள் மாறிப்போயிருக்கின்றன. கணக்கைத் தெரிந்துகொண்டால் மூன்றுக்கும் வழி உண்டு.

வில்லை இறுகும் கதை

தூரத்தில் இருப்பதையும் பக்கத்தில் இருப்பதையும் ஒரே கண் மாறி மாறித் தெளிவாகப் பார்ப்பது எப்படி? முன்புறமுள்ள கார்னியா வளைகிறதா, கண்கோளமே நீள்கிறதா, உள்ளிருக்கும் வில்லை உருமாறுகிறதா? இது நெடுநாள் புதிராக இருந்தது. லண்டனில் தாமஸ் யங் என்ற அறிவியலாளர் தன் கண்ணையே சோதனைச்சாலை ஆக்கினார். ஒரு சிறு லென்ஸுக்கும் தன் கண்ணுக்கும் நடுவே நீரை நிரப்பினார். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் கார்னியா ஒளியை வலுவாக வளைக்கும். நீர் தொட்டால் அதன் ஆற்றல் ஏறக்குறைய அற்றுப்போகும். அப்படிக் கார்னியாவை வேலையில்லாமல் செய்த பிறகும் அவரால் பார்வையின் குவியத்தை மாற்ற முடிந்தது. எனவே உருமாறுவது உள்ளிருக்கும் வில்லைதான். 1801இல் இதை வெளியிட்டபோது யங்குக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

வில்லை எப்படி உருமாறுகிறது என்பதை ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855இல் விளக்கினார். வில்லையைச் சுற்றி சிலியரித் தசை வளையமாக இருக்கிறது. இரண்டையும் நுண்ணிழைகள் இணைக்கின்றன. தசை சுருங்கும்போது இழைகள் தளரும். இழுவிசை நீங்கிய வில்லை தன் இயல்புப்படி குண்டாகும். பக்கத்துப் பொருள் தெளியும். தசை ஓய்வெடுக்கும்போது இழைகள் இழுபட்டு வில்லை தட்டையாகும், தூரம் தெளியும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதுபோல் வில்லை புதுப்பிக்கப்படுவதில்லை. வாழ்நாள் முழுவதும் வெளிப்புறத்தில் புதுப்புது இழையடுக்குகள் சேர்கின்றன. பழையவை வெளியேற இடமில்லை. வில்லையின் நடுப்பகுதி நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானது. அங்குள்ள புரதமும் அன்று உண்டானதே. 2016இல் கிரீன்லாந்துச் சுறாக்களின் வயதைக் கணித்த ஆய்வாளர்கள் இந்தப் பண்பைத்தான் பயன்படுத்தினார்கள். வில்லையின் மையத்திலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து, ஆய்வில் மிகப் பெரிய சுறாவுக்குக் குறைந்தது 272 வயது என்று கண்டார்கள்.

பழைய புரதம் ஆண்டுக்கு ஆண்டு இறுகுகிறது. தசை தன் பங்குக்குச் சுருங்கினாலும் இறுகிய வில்லை குண்டாக மறுக்கிறது. இதுவே வெள்ளெழுத்து. தசை வலுவிழந்ததால் வருவதல்ல. ஆகவே கண்ணை உருட்டிப் பயிற்சி செய்தால் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

நாளிதழ் வாசகருக்கு முன்பே

கண்ணின் குவிக்கும் திறனை டயாப்டர் என்ற அலகால் சொல்வார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் உள்ளதைப் பார்க்க 1 டயாப்டர், 50 சென்டிமீட்டருக்கு 2, 25 சென்டிமீட்டருக்கு 4, 20 சென்டிமீட்டருக்கு 5 டயாப்டர் கூடுதலாக வேண்டும். கையிருப்பு எவ்வளவு என்பதைத் தோராயமாக அறிய பார்வையியல் ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட்டர் வகுத்த எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது: 18.5இலிருந்து வயதின் 0.3 மடங்கைக் கழிக்க வேண்டும். அதன்படி 20 வயதில் சராசரி இருப்பு 12.5 டயாப்டர், 40இல் 6.5, 50இல் 3.5, 60இல் அரை டயாப்டர். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்; போக்கு மாறாது.

இருப்பு முழுவதையும் நெடுநேரம் செலவழிக்க முடியாது. பாதியை மட்டும் பயன்படுத்தினால்தான் கண் வலிக்காமல் வேலை செய்யலாம் என்பது கண் பரிசோதகர்களின் வழக்கமான கணக்கு. நாளிதழை 40 சென்டிமீட்டரில் பிடிப்பவருக்கு 2.5 டயாப்டர் தேவை. அதைச் சிரமமின்றிச் செலவழிக்க 5 டயாப்டர் இருப்பு வேண்டும். அந்த நிலை சுமார் 45 வயது வரை நீடிக்கும். அதன்பிறகுதான் நாளிதழ் கைநீளத்துக்குத் தள்ளிப் போகிறது.

பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவரோ அதை 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவருகிறார். அவருக்கு 5 டயாப்டர் தேவை. வலியில்லாமல் உழைக்க 10 டயாப்டர் இருப்பு வேண்டும். அந்த இருப்பு 28 வயதிலேயே குறைய ஆரம்பிக்கிறது. நாளிதழ் வாசகருக்குத் தொந்தரவு தொடங்கும் அந்த 45 வயதில், ஓவியர் தன் இருப்பு முழுவதையும் செலவழித்தால்தான் பொம்மை தெளிவாகத் தெரியும். கண் மருத்துவர் காட்டும் வாசிப்பு அட்டையைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தவரால் வீரனின் இடுப்புப்பட்டையைத் தீட்ட முடியாமல் போவது இதனால்தான். அட்டையும் பொம்மையும் இருக்கும் தூரம் வேறு.

கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. மைனஸ் 4 டயாப்டர் கண்ணாடி போடுபவர் அதைக் கழற்றினால், தசை எந்த முயற்சியும் செய்யாமலே, சரியாக 25 சென்டிமீட்டரில் அவருக்குத் தெளிவாகத் தெரியும். எழுபது வயதிலும் இந்த வசதி போகாது. சிறுவயதில் சோடாபுட்டி என்று கேலி கேட்டவர்களுக்குக் காலம் தரும் ஈடு இது.

தள்ளிப் பிடித்தால் என்ன ஆகும்?

சராசரி நல்ல கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான ஒரு நிமிடக் கோணத்தைப் பிரித்தறியும். 25 சென்டிமீட்டரில் அது 0.07 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். வீரனின் அரை மில்லிமீட்டர் கண் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 7 நிமிடக் கோணத்தை அடைக்கும். கண் பரிசோதனைப் பலகையில் 6/6 வரிசை எழுத்தின் உயரம் 5 நிமிடம். அதாவது வீரனின் கண், பலகையின் அந்த வரிசை எழுத்தைவிடச் சற்றுப் பெரியது, சமாளிக்கலாம். தெளிவுக்காகப் பொம்மையை 50 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் அது 3.5 நிமிடமாகச் சுருங்கும். இப்போது வீரனின் முழுக்கண்ணும் அந்த எழுத்தைவிடச் சிறியது. அதற்குள் கருமணி எங்கே வைப்பது?

தள்ளாமல் 25 சென்டிமீட்டரிலேயே வைத்து, கண்ணால் 50 சென்டிமீட்டருக்கு மேல் நெருங்கிக் குவிக்க முடியவில்லை என்றால், 2 டயாப்டர் பிழை. கண்பாவை 4 மில்லிமீட்டர் விரிந்திருந்தால் ஒவ்வொரு புள்ளியும் 27 நிமிட அகல வட்டமாகக் கலங்கும். வீரனின் கண்ணைப்போல் நான்கு மடங்கு பெரிய கலங்கல் அது. கண்பாவை 2 மில்லிமீட்டராகச் சுருங்கினால் கலங்கலும் பாதியாகும். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் பற்றிப் பேசும்போது உதவும்.

லென்ஸைத் தேர்ந்தெடுப்பது

கடையில் கிடைக்கும் வாசிப்புக் கண்ணாடி 40 சென்டிமீட்டரை மனதில் வைத்துச் செய்தது. தன் குவிக்கும் திறன் முற்றிலும் தீர்ந்தவருக்கு அந்தத் தூரத்துக்குப் பிளஸ் 2.5 போதும், 25 சென்டிமீட்டருக்கு பிளஸ் 4 வேண்டும். ஆகவே வண்ணம் தீட்டுவதற்கென்று தனிக் கண்ணாடி செய்துகொள்வதில் தவறில்லை. மிக நெருங்கிப் பார்க்கும்போது இரு கண்களும் மூக்கை நோக்கி உள்வாங்க வேண்டியிருப்பதால் அதிக பவர் கண்ணாடிகளில் பிரிசம் சேர்த்துத் தருவதும் உண்டு. இதைக் கண்ணாடிக் கடையில் ஊகித்து வாங்க முடியாது. பரிசோதகர் அளந்து சொல்ல வேண்டும்.

அடுத்தது தலையில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கி. நகைத் தொழிலாளரும் கடிகாரம் பழுதுபார்ப்பவரும் பயன்படுத்துவதுதான். வார்கேமிங் ஆட்களிடையே அமெரிக்காவின் ஆப்டிவைசர் பிரபலம். அதில் 1.75 மடங்கு பெருக்கும் லென்ஸ் 14 அங்குலத்தில் குவியும், 2.5 மடங்கு 8 அங்குலத்தில்; 3.5 மடங்கு 4 அங்குலத்தில். பெருக்கம் கூடக் கூட வேலை செய்யும் தூரமும், தெளிவாகத் தெரியும் ஆழமும், கண்ணில் படும் பரப்பும் குறைகின்றன. 4 அங்குலத்துக்குள் பொம்மையும் தூரிகையும் இரண்டு கைகளும் நுழைந்து வேலை செய்வது சிரமம். வீரனின் மூக்கு தெளிந்தால் காது கலங்கும். பெரும்பாலோர் 2 மடங்குக்கும் 2.5 மடங்குக்கும் நடுவே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

ஒற்றைக் கண்ணால் பார்க்கும் லென்ஸைவிட இரு கண்ணுக்குமான லென்ஸ் மேல். தூரிகையின் நுனி பொம்மையைத் தொட இன்னும் எவ்வளவு இருக்கிறது என்ற ஆழக்கணிப்பை இரு கண்களும் சேர்ந்தே தருகின்றன. ஒரு கண்ணில் தூரத்துக்கும் மறு கண்ணில் பக்கத்துக்கும் பொருத்தும் லென்ஸ் ஏற்பாடு தெருவில் நடக்க உதவலாம், நுண்வேலைக்குப் பொருந்தாது.

ஒளியே மலிவான மருந்து

வயதாக ஆக கண்பாவை முன்போல் விரிவதில்லை. வில்லையும் கொஞ்சம் ஒளியை விழுங்குகிறது. இரண்டும் சேர்ந்து, அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதே அறை, அதே விளக்கு. மகனுக்குப் போதும், தந்தைக்குப் போதாது.

இதைச் சரிசெய்யச் செலவு அதிகமில்லை. சிறிய விளக்கு தரும் ஒளிச்செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிராக மாறும். 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மேசை விளக்கை 30 சென்டிமீட்டருக்கு இழுத்தால் பொம்மைமீது விழும் ஒளி நான்கு மடங்கு. இன்னொரு லாபமும் உண்டு: நல்ல வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கும், சுருங்கினால் மேலே சொன்ன கலங்கல் வட்டமும் சுருங்கும், தெளிவின் ஆழம் கூடும். கண்ணாடியின் வேலையில் ஒரு பகுதியை விளக்கு செய்துவிடுகிறது.

விளக்கைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். நிறங்களை எவ்வளவு நேர்மையாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் இருப்பது நல்லது. நிறவெப்பம் பகல்வெளிச்சத்தை ஒத்த 5000 முதல் 6500 கெல்வின். இடமும் வலமுமாக இரண்டு விளக்கு இருந்தால் தூரிகையின் நிழல் வேலையின் மேல் விழாது. விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது. கலங்கத் தொடங்கிய வில்லை அந்த ஒளியைச் சிதறடித்து, பார்ப்பதன்மேல் வெண்புகை படர்ந்ததுபோல் ஆக்கிவிடும்.

மஞ்சள் திரை

முதிர்ந்த வில்லை மஞ்சளாகிறது. நீலத்தையும் ஊதாவையும் வடிகட்டுகிறது. அடர்நீலச் சீருடைக்கும் கறுப்புச் சீருடைக்கும் வித்தியாசம் மங்கும். மாற்றம் பல்லாண்டுகள் மெல்ல நடப்பதால் மூளை அதற்குப் பழகிவிடும், தீட்டுபவருக்கே தெரியாது. இதன் முற்றிய வடிவமான கண்புரை, பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேவுக்கு 1912இல் கண்டறியப்பட்டது. வண்ணக்குழாயின் பெயரைப் பார்த்தும், தட்டில் நிறங்களை மாறாத வரிசையில் வைத்தும் அவர் சமாளித்தார். 1923இல் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. வண்ணப்புட்டிகளை எப்போதும் ஒரே வரிசையில் அடுக்கிப் பெயரைப் படித்து எடுக்கும் மொனேவின் வழி இன்றும் செல்லும்.

மொனேவின் காலத்தில் புரையான வில்லையை எடுக்க முடிந்தது. மாற்றாக உள்ளே எதையும் வைக்க முடியவில்லை. அதைச் செய்தவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஹெரால்டு ரிட்லி. போர்விமானிகளின் கண்ணில் சிக்கிய பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் சில்லுகளை உடல் ஒதுக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்து, அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்து 1949இல் பொருத்தினார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்த ஆரோலேப் 1992 முதல் மலிவாகத் தயாரிக்கும் உள்விழி லென்ஸ்களுக்கு மூலம் அந்த முயற்சி. சாதாரண உள்விழி லென்ஸ் ஒரே தூரத்தில்தான் குவியும். நுண்வேலை செய்பவர் அறுவைக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கைக்கு விடுதலை

கை நடுங்காத மனிதர் கிடையாது. ஆரோக்கியமான கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை ஒரு மெல்லிய அதிர்வு உண்டு. அதைமீறி நேர்க்கோடு வருவது, கண் பிழையைப் பார்த்துக்கொண்டே இருந்து கையைத் திருத்துவதால். கண்ணுக்குப் பிழை தெரியாவிட்டால் திருத்தம் தாமதமாகும். கை கெட்டுவிட்டதாகத் தோன்றும். இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று ஊன்றி, முழங்கைகளை மேசையில் பதித்து, பொம்மையைத் தடித்த பிடியில் ஒட்டி வைத்தால் அதிர்வின் பெரும்பகுதி அடங்கும். மீதியைத் தெளிவான கண் பார்த்துக்கொள்ளும்.

கண்ணாடி கைக்கு என்ன செய்யும் என்பதற்கு அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு சான்று கிடைத்தது. நாற்பது வயது கடந்த தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. அவர்கள் கையில் எந்த மாற்றமும் இல்லை.

தீட்டும் முறையே மாறலாம்

கருவிகள் ஒருபுறம் இருக்க, யாருக்காகத் தீட்டுகிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது. போர் நடக்கும் மேசையில் பொம்மைக்கும் பார்ப்பவருக்கும் இடையே ஒரு மீட்டர் இருக்கும். அங்கே கண் பிரித்தறியும் எல்லை 0.3 மில்லிமீட்டர். அரும்பாடுபட்டு வைத்த கருமணி இருபது வயதுக் கண்ணுக்கும் தெரியாது. தெரிவது வெளிச்சமும் நிழலும் சேர்ந்த வேறுபாடு. நிழலை மிகைப்படுத்தி, மேட்டைப் பளிச்சென்று காட்டினால்தான் தொலைவில் முகம் முகமாகத் தெரியும். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் கெவின் டாலிமோர் பரப்பிய மூன்று சாயல் முறை இதைத்தான் செய்கிறது: அடியில் இருட்டு, மேலே நடுச்சாயல், மேட்டில் வெளிச்சம், கலந்து குழைப்பது இல்லை.

இயற்பியலே பாதி வேலையைச் செய்யும் முறைகளும் உண்டு. வாஷ் என்ற நீர்த்த வண்ணத்தைப் பூசினால் அது தானாகப் பள்ளங்களில் தேங்கி நிழலாகும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வண்ணம் மேடுகளில் மட்டும் பற்றும். கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019இல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வண்ணங்கள் ஒரே பூச்சில் இரண்டையும் தர முயல்பவை. கறுப்பு பிரைமர் மேல் வெள்ளையை உச்சியிலிருந்து மட்டும் தெளித்தால், மேலிருந்து வெயில் விழுந்ததுபோல் மேடுபள்ளம் தீட்டும் முன்பே தெரியவரும். மங்கிய கண்ணுக்கு அது வழிகாட்டி. புருவத்தின்கீழ் ஒரு கருநிழல் வைத்துவிட்டு விழியையே விட்டுவிடுபவர்கள் பலர். ஒரு மீட்டரில் யாருக்கும் குறை தெரிவதில்லை.

இவை போக, செய்ய வேண்டியது ஒன்று. நீங்கள் வண்ணம் தீட்டினாலும், ஊசியில் நூல் கோத்தாலும், சர்க்யூட் போர்டில் பற்றவைத்தாலும், வழக்கமாக உட்காருவதுபோல் உட்கார்ந்து, கண்ணிலிருந்து வேலைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டில் யாரையாவது நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கண் பரிசோதகரிடம் கொடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள். நாற்பதுக்கு மேல் கண்ணழுத்தத்தையும் விழித்திரையையும் சோதிக்கச் சொல்லுங்கள். நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, பார்வை திடீரென மாறினாலோ அது வெள்ளெழுத்து அல்ல. அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறும் வெள்ளெழுத்துதான் என்றால், அதற்காகத் தூரிகையைக் கீழே வைக்க வேண்டியதில்லை.